பவுலின் கப்பல்: கிரேத்தாவிலிருந்து மால்டாவுக்கு 14 நாளில் மிதந்து போயிருக்க முடியுமா?

தீவுவரை (கேள்வி)

பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோன கடற்பயணத்துக்கு, வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 27, 28 இரண்டு அதிகாரங்களையும் வைத்து ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். செசரியாவில் தொடங்கி கிரேத்தா தீவின் தென்கரை வரைக்கும் கோடு சிக்கலில்லாமல் வருகிறது. அதற்குப் பிறகு நான்கு இடத்தில் முட்டுகிறது.

1. புயலில் பாயை இறக்கிவிட்ட கப்பல், கிரேத்தாவுக்குத் தெற்கே உள்ள கவ்தோஸ் தீவிலிருந்து (வசனத்தில் கிலவுதா) மால்டா வரை 14 நாளில் தானாகவே போய்ச் சேருமா? புயலில் எங்கே வேண்டுமானாலும் போகலாமே.

2. வசனத்தில் "ஆதிரியாக் கடல்" என்று இருக்கிறது. அட்ரியாடிக் என்றால் இத்தாலிக்கும் குரோவாசியாவுக்கும் நடுவில் இருப்பது. அங்கே மல்யெட் என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் பழைய பெயரும் மெலித்தாதான். பிறகு மால்டா எப்படி?

3. நங்கூரத்தைக் கப்பலின் முன்பக்கம்தான் போடுவார்கள். இங்கே பின்பக்கம் நான்கு போட்டார்கள் என்று வருகிறது. எழுதியவர் பிழையா?

4. மால்டாவில் கி.பி. 60 முதல் இன்றுவரை கிறிஸ்தவம் அறுபடாமல் இருக்கிறது என்று சுற்றுலாக் கையேடுகளில் போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே எழுதலாமா?

அணியம்

உங்கள் 1, 3 இரண்டுக்கும் பதில் கப்பலின் அமைப்பில்தான் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீறா துறையில் அவர்கள் மாறி ஏறியது எகிப்துக் கோதுமையை ரோமுக்கு ஏற்றிப்போகும் அலெக்சாந்திரியாக் கப்பல். இந்த வகையில் பெரிய கப்பல் ஒன்றின் அளவை 2-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க எழுத்தாளர் லூசியான் எழுதிவைத்திருக்கிறார்: நீளம் 120 முழம், அகலம் 30 முழத்துக்குச் சற்று மேல், தட்டிலிருந்து அடிக்கட்டை வரை 29 முழம். நீளம் மட்டும் ஏறக்குறைய 55 மீட்டர் வரும். பவுல் ஏறியது அதில் பாதியாக இருந்தால்கூட அதில் இருந்ததாக வசனம் சொல்லும் 276 பேருக்கும் சரக்குக்கும் இடம் போதும். நடுவில் ஒரே பாய்மரம், அதில் ஒரு பெரிய சதுரப்பாய். அணியத்தில், அதாவது முன்முனையில், சாய்ந்த சின்ன மரத்தில் ஒரு சின்னப் பாய். கிரேக்கத்தில் இதற்கு ஆர்ட்டெமோன் என்று பெயர். பின்னால் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி இரண்டு சுக்கான்.

சதுரப்பாய்க் கப்பலால் எதிர்க்காற்றை வெட்டிக்கொண்டு போக முடியாது. துருக்கியின் தென்மேற்கு முனையில் உள்ள கினீதுக்கு எதிரே வடமேற்குக் காற்று பிடித்ததும் தெற்கே வழுக்கி கிரேத்தாவின் மறைவுக்குள் வந்தது அதனால்தான். பருவமும் தப்பிவிட்டது. ரோம எழுத்தாளர் வெஜீசியஸ் கொடுக்கும் கணக்குப்படி மே 27 முதல் செப்டம்பர் 14 வரை கடல் நம்பத்தக்கது, அதற்குப்பின் ஆபத்து, நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடல். வசனம் சொல்லும் "உபவாசநாள்" யூதர்களின் பாவநிவாரண நாள். ஆண்டு 59 என்று வைத்தால் அது அக்டோபர் 5 அளவில் வரும். அதுவும் கடந்துபோய்விட்டது என்கிறார் எழுதியவர். அப்படியும் ஏன் கிளம்பினார்கள்? சில ஆண்டுக்கு முன் ரோமில் தானியம் பற்றாமல் போயிருந்தது. குளிர்காலத்தில் ஓடும் கப்பல் புயலில் சேதப்பட்டால் நட்டத்தைத் தானே ஏற்பதாகக் கிளவுதியு ராயர் வணிகர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மாலுமியின் பேராசை என்று மட்டும் பார்க்க வேண்டாம்.

கிரேத்தாவின் தென்கரையில் "நல்ல துறைமுகம்" என்ற இடத்தில் நின்றார்கள். அங்கிருந்து, குளிர்காலம் ஒதுங்க நினைத்த பேனிக்ஸ் துறை சுமார் 40 கடல் மைல். மெல்லிய தென்றல் அடித்தது, அரை நாள் வேலை என்று நங்கூரம் தூக்கினார்கள். மேற்கே 5 மைல் போனால் மட்டாலா முனை; அதைத் தாண்டியதும் கரை வடக்கே வளைந்துவிடும், கப்பல் திறந்த வளைகுடாவில் நிற்கும். அங்கேதான் ஈதா மலையிலிருந்து காற்று இறங்கியது. கிழக்கு-வடகிழக்கு, நம் கடற்கரைப் பேச்சில் வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவே வரும் திசை.

கவ்தோஸ் தீவின் மறைவில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் மூன்று வேலை பார்த்தார்கள்.

முதலாவது, பின்னால் கட்டியிழுத்து வந்த படகைத் தூக்கினார்கள். அது தண்ணீர் நிறைந்து கனத்துப்போயிருக்கும். "வருத்தத்தோடே" என்று வசனம் சொல்வது அதைத்தான்.

இரண்டாவது, கப்பலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். தடித்த வடத்தை அணியத்துக்கு அடியில் நுழைத்து, இரண்டு முனையையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பின்னால் இழுத்துவந்து, வயிற்றுப்பகுதியில் நிறுத்தித் தட்டின்மேல் முறுக்கி இறுக்குவது. மத்தியதரைக் கப்பல்களில் பலகையோடு பலகையை விளிம்பில் துளைத்து, மரநாக்கு சொருகி, ஆணியடித்துப் பொருத்துவார்கள். ஒற்றைப் பாய்மரம் காற்றில் ஆடும்போது முழுப் பாரமும் ஒரே இடத்தில் விழுந்து அந்த நாக்குகள் தளர்ந்துவிடும். தளர்ந்தால் நீர் ஏறும். நீர் ஏறினால் கோதுமை ஊதும், ஊதிய கோதுமை உள்ளிருந்து பலகையைத் தள்ளும். கோதுமைக் கப்பலுக்கு வெளிக்கடலைவிடப் பெரிய எதிரி இதுதான்.

மூன்றாவது, மேல்பாரத்தை இறக்கினார்கள். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான். காற்றின் போக்கிலேயே ஓடவிட்டால் கப்பல் மேற்கு-தென்மேற்காகப் போய் லிபியாக் கரையின் சிர்த்திஸ் மணல்திட்டில் ஏறிவிடும். தப்ப ஒரே வழிதான்: அணியத்தை வடக்கு நோக்கி வைத்து, வலப்பக்கம் காற்று வாங்கும்படி, குறைந்த பாயோடு பக்கவாட்டில் நகரவிடுவது. அப்படி நகரும் கப்பல் மேற்குக்குச் சற்று வடக்கே வழுக்கும். கவ்தோஸிலிருந்து மால்டாவும் அதே திசையில்தான் இருக்கிறது.

தூரம் சுமார் 476 கடல் மைல். இந்த நிலையில் கப்பல் மணிக்கு ஒன்றரை மைல் நகரும் என்று வைத்தால் நாளொன்றுக்கு 36. வகுத்தால் 13 நாளும் சில மணியும். பதினாலாம் இராத்திரியின் நடுச்சாமம் என்பதோடு ஒட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் போட்ட கணக்கு இது. அவரே பாய்க்கப்பல் ஓட்டியவர்.

நங்கூரம் பற்றி இரவு எழுதுகிறேன்.

சந்தேகப்பிராணி

அணியம் சொன்ன கணக்கில் ஒரு ஓட்டை. ஒன்றரை மைல் என்பது அந்தக் கப்பலில் அளந்த வேகம் கிடையாது, அனுபவசாலிகள் சொன்ன நடுமதிப்பு. ஒரு மைல் என்று போட்டால் 20 நாள், இரண்டு என்று போட்டால் 10 நாள். விடை தெரிந்த பிறகு எண்ணைப் பொறுக்குகிற வேலை ஆகிவிடக்கூடாது. "அப்படி நடந்திருக்க முடியும்" என்பது வரைக்கும் இந்தக் கணக்கு தாங்கும். "அப்படித்தான் நடந்தது" என்பதைத் தாங்காது.

அணியம்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திசை வேகத்தைச் சார்ந்தது இல்லையே. மல்யெட்டுக்குப் போக வேண்டுமென்றால் வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்றில் கப்பல் வடமேற்கே நூற்றுக்கணக்கான மைல் ஏற வேண்டும். அது எந்த வேகத்திலும் நடக்காது. காற்று நடுவில் மாறியது என்று வைத்தால்தான் உண்டு, வசனத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

ஏட்டுப்பக்கம்

2-வது கேள்வி பெயர்க்குழப்பம்தான். அன்றைக்கு "ஆதிரியா" என்பது இன்றைய அட்ரியாடிக் இல்லை. 2-ஆம் நூற்றாண்டு நிலவியலாளர் தாலமி, ஆதிரியாக் கடலையும் ஆதிரியா வளைகுடாவையும் தனித்தனியாகப் பிரிக்கிறார். வளைகுடா என்பதுதான் இன்றைய அட்ரியாடிக். கடல் என்பது சிசிலிக்கும் கிரேத்தாவுக்கும் இடைப்பட்ட விரிவு. 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இன்னும் தெளிவு: கௌலோசும் மெலித்தாவும், அதாவது கோசோவும் மால்டாவும், ஆதிரியாக் கடலுக்கும், இத்தாலிக்கு மேற்கே உள்ள திரேனியக் கடலுக்கும் எல்லை என்கிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு ரோமுக்குப் போகும்போது அவர் கப்பலும் "ஆதிரியாவின் நடுவில்" மூழ்கியது. ஏறக்குறைய 600 பேர். இரவெல்லாம் நீந்தி, சிரேனேக் கப்பல் ஒன்று வந்து தூக்கியபோது 80 பேர் மிச்சம். இறங்கியது இத்தாலியின் புத்தேயோலித் துறையில். பவுலுக்குச் சில ஆண்டு பிந்தி, அதே கடல், அதே துறை.

மல்யெட் கட்சியும் நேற்று முளைத்ததில்லை. 10-ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்தந்தீன் பவுலைப் பாம்பு கடித்த தீவு அதுதான் என்று எழுதியிருக்கிறார். 1730-இல் துப்ரோவ்னிக்கைச் சேர்ந்த ஒரு பெனடிக்ட் சபைத் துறவி அதற்காகவே தடித்த நூல் போட்டார். ஆனால் 28-ஆம் அதிகாரத்தில் அடுத்த பயணம் அதைக் கவிழ்க்கிறது. தீவில் குளிர்காலம் கழித்த இன்னொரு அலெக்சாந்திரியாக் கப்பலில் ஏறி சீரகூசா, ரேகியு, புத்தேயோலி. எகிப்திலிருந்து இத்தாலி போகும் கப்பல் மால்டாவில் குளிர்காலம் ஒதுங்கும். மல்யெட்டில் அதற்கு என்ன வேலை?

தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்து வரைபடம் போடுகிறவர் கவனிக்க வேண்டிய சில இடங்கள். பழைய மொழிபெயர்ப்பில்:

"சொரிமணலிலே விழுவோமென்று பயந்து": மூலத்தில் இது இடப்பெயர், சிர்த்திஸ். பொருளை மொழிபெயர்த்ததில் இடம் காணாமல்போய்விட்டது. உங்கள் படத்தில் லிபியாவின் சித்ரா வளைகுடாவைக் கட்டாயம் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் ஏன் அப்படி ஓட்டினார்கள் என்பதே புரியாது.

"யூரோக்கிலிதோன்": பிந்திய சுவடிகளின் வடிவம். பழைய சுவடிகளில் யூராக்கிலோன். கிழக்குக் காற்றுக்கான கிரேக்கச் சொல்லும் வடகாற்றுக்கான இலத்தீன் சொல்லும் ஒட்டிய கலப்படம். இரண்டு மொழி பேசும் மாலுமிகள் வாயில் பிறந்தது. துனீசியாவின் தூகா ஊரில் தரைக்கல்லில் வெட்டிய காற்றுத்திசை வட்டத்தில் இதே பெயர் இருக்கிறது.

"தீவுக்கு முதலாளியாகிய புபிலியு": இன்று படித்தால் தீவையே விலைக்கு வாங்கியவர் மாதிரி இருக்கிறது. மூலத்தில் "தீவின் முதல்வன்". மால்டாவில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டில் ஒரு ரோமக் குதிரைவீர வகுப்பார் "மெலித்தாரின் முதல்வன்" என்று குறிக்கப்படுகிறார். உள்ளூர்ப் பட்டம்.

"மிதுனம் என்னும் அடையாளமுடைய" கப்பல்: மூலத்தில் தியோஸ்குரி, காஸ்டர்-பொல்லக்ஸ் இரட்டையர். மாலுமிகளின் காவல்தெய்வங்கள். ராசிப்பெயரால் மொழிபெயர்த்தவரைப் பாராட்டத் தோன்றுகிறது. ஆனால் அது அணியத்தில் இருந்த உருவம் என்பதை அடிக்குறிப்பாகப் போட்டால் நல்லது.

276 பேர் என்பதற்கும் ஒரு குறிப்பு. வத்திக்கான் சுவடியில் "ஏறக்குறைய 76" என்று இருக்கிறது. கிரேக்க எழுத்தெண்ணில் ஒரு எழுத்து இடறினால் இப்படி ஆகும். பெரும்பாலான பதிப்புகள் 276-ஐத்தான் எடுக்கின்றன.

அணியம்

இனி நங்கூரம்.

நடுச்சாமத்தில் கரை நெருங்குகிறது என்று மாலுமிகளுக்குத் தோன்றியது. கண்ணால் பார்த்திருக்க முடியாது, பாறையில் அலை உடையும் சத்தம் கேட்டிருக்கும். உடனே ஆழம் பார்த்தார்கள். 20 பாகம், சற்றப்புறம் போய் 15 பாகம். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவது; குண்டின் அடியில் குழி இருக்கும், அதில் கொழுப்பு அப்பியிருப்பார்கள். அடியில் மணலா சேறா என்பது கொழுப்பில் ஒட்டிவரும். எகிப்துக் கரையை நெருங்கும் கப்பல் 11 பாகத்தில் சேற்றைக் கொண்டுவரும் என்று எரோடோட்டஸ் எழுதியது இந்த முறையைத்தான். கிரேக்கத்தில் அளவின் பெயர் ஓர்கியா, இரண்டு கையையும் விரித்த நீளம். நம் மீனவர் சொல்லும் பாகமும் அதே. மொழிபெயர்த்தவர் தேடிப்போகவேண்டிய தேவையே இருந்திருக்காது. மீட்டரில் 37-உம் 28-உம்.

ஆழம் இப்படிக் குறைந்தால் அடுத்த அளவுக்குக் காத்திருக்க முடியாது, உடனே நிறுத்த வேண்டும். அணியத்தில் நங்கூரம் போட்டால் என்ன ஆகும்? பின்னாலிருந்து அடிக்கும் காற்றில் கப்பல் ஒரு சுற்றுச் சுற்றும். சுற்றும் நேரத்தில் விலாவில் அலை வாங்கும், சுற்றி முடிக்கும்போது பின்புறம் பாறைப்பக்கம் இருக்கும். விடிந்தால் மறுபடியும் திருப்ப வேண்டும். பின்னால் போட்டால் நின்ற இடத்தில் நிற்கும், மூக்கு கரையைப் பார்த்தபடியே இருக்கும். ஆக எழுதியவர் பிழை இல்லை. அந்த இராத்திரிக்கு அதுதான் சரியான வேலை. நான்கு போட்டது, ஒன்று இழுபட்டாலும் மற்றவை பிடிக்கட்டும் என்று.

படகைத் திருடப் பார்த்த மாலுமிகள் சொன்ன சாக்கும் இதோடு சேர்ந்ததுதான்: அணியத்திலும் நங்கூரம் போடப்போகிறோம் என்றார்கள். தொழில் தெரியாதவன் நம்பும்படியான சாக்கு. சேவகர் கயிற்றை வெட்டிப் படகை விழவிட்டார்கள். மறுநாள் அந்தப் படகு இருந்திருந்தால் 276 பேரும் நீந்தவும் பலகை பிடிக்கவும் தேவைப்பட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

விடியும் முன் சாப்பிட்டுவிட்டுக் கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். இரண்டாம் நாளே சரக்கை எறிந்தார்களே, இன்னும் ஏன் மிச்சம் என்று கேட்கலாம். முழுதும் எறிந்தால் அடிப்பாரம் போய்க் கப்பல் புரளும், அதனால் வைத்திருந்தார்கள். இப்போது நிலைமை தலைகீழ்: எவ்வளவு லேசாக மிதக்கிறதோ அவ்வளவு தூரம் கரையில் ஏறும். பிறகு நங்கூரக் கயிறுகளை அறுத்துக் கடலிலேயே விட்டார்கள், தூக்கிக் கட்டியிருந்த இரண்டு சுக்கானையும் அவிழ்த்தார்கள், ஆர்ட்டெமோனை விரித்தார்கள். பெரிய பாய் வேண்டாம்; சின்னப் பாய் மூக்கை நேராகப் பிடிக்கும், வேகமும் அடங்கியிருக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நடுவில் தெரியாத ஒரு திட்டு, "இருபுறமும் கடல் மோதிய" இடம். மூக்கு புதைந்து நின்றது, பின்புறம் அலையில் உடைந்தது.

தீவுவரை

நன்றி. அந்தத் திட்டு எங்கே என்று புள்ளி வைக்கலாமா? நங்கூரங்களே கிடைத்துவிட்டன என்று இணையத்தில் ஒரு கூட்டம் சொல்கிறதே.

பாறைக்குடைவு

புள்ளி வைக்காதீர்கள், கேள்விக்குறி வையுங்கள். வடகரையில் புனித பவுல் வளைகுடா என்று இன்று அழைப்பது மரபு இடம். அதன் வாயில் செல்முனெத் என்ற சின்னத் தீவுக்கும் தரைக்கும் நடுவே ஒடுங்கிய கால்வாய் இருக்கிறது, "இரு கடல்" என்பதற்குப் பொருந்துகிறது என்பார்கள். பக்கத்துச் சலீனா, மெல்லீகா, தென்கிழக்கில் புனித தோமா வளைகுடா எல்லாவற்றுக்கும் வழக்காட ஆள் உண்டு.

நங்கூரக் கதையில் ஏமாற வேண்டாம். ரோமர் நங்கூரத்தின் உடல் மரம், குறுக்குத்தண்டு ஈயம். மரம் மக்கிவிடும், ஈயம் மட்டும் கிடைக்கும். அது மால்டாவைச் சுற்றி நிறையவே கிடைத்திருக்கிறது. சலீனாப் பக்கம் எடுத்த ஒன்று ஏறக்குறைய நான்கு டன். ஒரு ஈயத்தண்டு எந்த ஆண்டில் எந்தக் கப்பலிலிருந்து விழுந்தது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல வழியே இல்லை. கூடவே கிடந்த சாடிகள், அது கிடந்த படிவம் எல்லாம் பதிவாகியிருந்தால் காலம் சொல்லலாம். முக்குளிப்பவர் தூக்கி வீட்டில் வைத்துவிட்டால் அதுவும் போயிற்று.

4-வது கேள்விக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். 28-ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படியுங்கள். பவுல் மூன்று மாதம் தங்குகிறார், புபிலியுவின் தகப்பனைக் குணமாக்குகிறார், மற்றவர்களும் வந்து குணமாகிறார்கள், மரியாதை செய்து வழியனுப்புகிறார்கள். ஒருவருக்காவது ஞானஸ்நானம் கொடுத்ததாக இல்லை. சபை கூடியதாக இல்லை. மற்ற ஊர்களில் இதை எண்ணிக்கையோடு சொல்கிற நூல் இங்கே வாயே திறக்கவில்லை. புபிலியு முதல் ஆயர் ஆனார் என்பது பிந்திய மரபு.

மண்ணில் கிடைப்பது என்ன? ரபாத்தில் புனித பவுல் பெயரால் அழைக்கும் நிலத்தடிக் கல்லறைகள், முப்பதுக்கும் மேற்பட்ட குடைவுகள். கிறிஸ்தவ அடையாளங்கள் அங்கே தெளிவாகத் தெரிவது 4-ஆம் நூற்றாண்டிலிருந்து. பாறையிலேயே வெட்டிய வட்ட மேசை, விளிம்பு உயர்த்தி. அதைச் சுற்றிச் சாய்ந்து உட்காரச் சரிவான திண்ணை. இறந்தவர் நினைவு நாளில் உறவினர் கூடிச் சாப்பிட்ட இடம். அதே வளாகத்தில் ஏழுகிளை விளக்குச் சின்னம் வெட்டிய யூதர் கல்லறைகளும் இருக்கின்றன. ஆயர் என்று பெயரோடு பதிவாகும் முதல் ஆள் யூலியானுஸ், 553. கி.பி. 60-க்கும் இந்த 4-ஆம் நூற்றாண்டுக்கும் நடுவில் வெற்றிடம். பவுலைப் புபிலியு வரவேற்ற இடம் என்று மரபு காட்டும் சான் பவுல் மில்கியில் தோண்டியபோது நல்ல ரோமப் பண்ணைவீடு கிடைத்தது, எண்ணெய் ஆட்டும் செக்கோடு. புபிலியுவின் வீடு என்று காட்ட ஒன்றுமில்லை.

ஆகவே "60 முதல் அறுபடாமல்" என்று எழுதாதீர்கள். "60 அளவில் பவுல் வந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது, தீவில் கிறிஸ்தவச் சமூகத்துக்கு உறுதியான தடயம் 4-ஆம் நூற்றாண்டிலிருந்து" என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

சந்தேகப்பிராணி

பாம்பு? மால்டாவில் கொல்லும் விஷப்பாம்பு கிடையாது, ஆகவே அது மால்டா இல்லை என்று மல்யெட்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள்.

பாறைக்குடைவு

316 சதுர கிலோமீட்டர்த் தீவு வளாகம். 2000 ஆண்டாகக் காட்டை வெட்டி, ஆடு மேய்த்து, கல்லடுக்கி வயலாக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு இல்லாததை வைத்து அன்றைக்கு இல்லை என்று சொல்ல முடியாது. பின்பல்லில் மிதவிஷம் உள்ள பூனைப்பாம்பு இன்றும் அங்கே உண்டு, அது ஆளைக் கொல்லாது. பாம்பை வைத்து எந்தப் பக்கமும் ஜெயிக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

அணியம்

வரைபடத்துக்கு: நல்ல துறைமுகத்திலிருந்து கவ்தோஸ் வரை முழுக்கோடு. அங்கிருந்து மால்டாவின் வடகரை வரை புள்ளிக்கோடு, அதன் தெற்கே சிர்த்திஸ், வடகிழக்கே காற்றம்பு. மால்டாவிலிருந்து புத்தேயோலிக்கு மறுபடி முழுக்கோடு. பேனிக்ஸ் துறைக்கு மட்டும் பழைய கரைக்கோட்டை நம்பாதீர்கள்; 365-இல் வந்த நிலநடுக்கத்தில் கிரேத்தாவின் மேற்குப்பகுதி 9 மீட்டர் வரை மேலே வந்துவிட்டது, அன்று துறையாக இருந்த இடம் சில இன்று மேட்டில் இருக்கிறது. ரேகியுவிலிருந்து புத்தேயோலி சுமார் 180 கடல் மைல். தென்றல் பிடித்து மறுநாளே சேர்ந்தார்கள் என்கிறது வசனம். அந்த வேகத்தையும் 14 நாள் வழுக்கலின் வேகத்தையும் படத்தின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். ஒன்று மணிக்கு ஐந்து மைலுக்குக் குறையாது, மற்றது ஒன்றரை.

தீவுவரை

அப்படியே போடுகிறேன். புனித பவுல் வளைகுடாவுக்குக் கேள்விக்குறி, சிர்த்திஸுக்குச் "சொரிமணல்" என்று கீழே சின்ன எழுத்தில்.